ஒரு நேரத்தில் ஒரு கட்டை

சிந்தசைசரில் எத்தனை வகை என்று என்னிடம் யாரும் கேட்கப் போவதில்லை. கேட்டால் நன்றாகவே சொல்வேன். இருபத்தைந்து வருஷம் பிசிக்ஸ் டீச்சராகக் குப்பை கொட்டியவள். கரும்பலகையில் அலை வரைந்து, எது எங்கே பிறக்கிறது, எது எங்கே வெட்டுப்படுகிறது என்று கடைசி பெஞ்சுக்கும் புரிகிற மாதிரிச் சொல்வேன். ஆனால் இந்த ஞானம் எனக்கு வந்தபோது, அதை வைத்துக் காப்பாற்றியிருக்க வேண்டியதெல்லாம் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

எழுபதுகளின் கடைசி. நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் எங்கள் ஊர். கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் மஞ்சள், மீதி மானாவாரிக் கடலை, அப்போதுதான் போட்ட இரண்டு கோழிக் கொட்டாய். அண்ணனுக்கு இதில் எதன்மேலும் மனசில்லை. ஹார்மோனியம் வாசிப்பான். எங்கள் பக்கம் ஹார்மோனியத்துக்குப் பொட்டி என்று பெயர். அழுத்துகிற இடத்துக்குக் கட்டை. 'பொட்டி' வாசிக்கிறவன் என்றால் சுற்று வட்டாரத்தில் அண்ணனைத்தான் கைகாட்டுவார்கள். கல்யாண வீட்டுக் கச்சேரிகளில் காலால் துருத்தியை மிதித்தபடி இடது கையால் ஸா-பா பிடித்துக்கொண்டு வலது கையால் அவன் ஓடுவதைப் பார்த்து, என் அப்பாவே ஒரு முறை வாயைத் திறந்து, "பரவால்ல" என்று சொல்லியிருக்கிறார்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. அதை நடத்தியவரின் வீட்டுக்கு அண்ணன் மூன்று தடவை போய் வந்தான். மூன்றாம் தடவை நானும் கூடப் போனேன். அப்போது சேலத்தில் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அவர் நல்ல மனிதர்தான், மழுப்பாமல் சொன்னார்.

"ஹார்மோனியத்துக்கு எங்ககிட்ட ஆள் இருக்குதுங்க தம்பி. சிந்தசைசருக்குத்தான் ஆள் இல்லை. அந்தப் பொட்டியோட வந்தீங்கன்னா அன்னைக்கே சேர்த்துக்கறேன். மாசி பொறக்கறதுக்குள்ள வாங்க, சீசன் ஆரம்பிச்சிரும்."

பஸ்ஸில் திரும்பினோம். இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அண்ணன், "அது மட்டும் கெடச்சா கோழி மூஞ்சில முழிக்க வேண்டியதில்ல" என்றான். சிந்தசைசரை அவனும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. ஹார்மோனியத்துக்குக் கரண்ட் கொடுத்தால் சிந்தசைசர், அவ்வளவுதான் எங்கள் அறிவு.

பணம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று வந்தவர் எங்கள் மாமன் மகன், அம்மாவின் அண்ணன் பையன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். வருஷத்தில் பத்து மாதம் மகாராஷ்டிரா, குஜராத் என்று வண்டியோடு அலைவார். அண்ணனுக்கு அவரைவிட நெருங்கின சிநேகிதன் கிடையாது. எனக்கு முறை, என் படிப்பு முடிந்ததும் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல வெட்கப்படுகிற வயசெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது. ஊருக்கு வந்தால் எல்லார் வீட்டிலும் சாப்பிடுவார், எல்லார் வீட்டுப் பம்புசெட்டையும் ரிப்பேர் பார்ப்பார், என்னைப் பார்த்தால் மட்டும் பேச்சு திக்கும்.

மார்கழிக் கடைசியில் ரிக்கோடு போகும் சப்போர்ட் லாரி ஊருக்கு வந்தது. டிரில் பைப்புகளுக்கு நடுவே, கம்பளியில் சுற்றி, அதன்மேல் தார்ப்பாய் கட்டி, பம்பாயிலிருந்து அந்தப் பெட்டியை மடியில் வைத்த குழந்தை மாதிரி கொண்டு வந்திருந்தார். ஹார்மோனியத்தைவிடச் சின்னது. ஜப்பான்காரன் செய்தது. மூன்று ஆக்டேவ் கட்டை, அதற்கு மேலே வரிசையாகத் திருகுகள். கூடவே கரண்ட்டைக் குறைக்க ஒரு டிரான்ஸ்பார்மர், ஒரு ஸ்பீக்கர், ஆங்கிலத்தில் ஒரு சின்னப் புத்தகம்.

அண்ணன் பிளக்கைச் சொருகி, ஒரு விரலால் ஒரு கட்டையைத் தொட்டான். வீடே அதிர்ந்தது. ஒரு திருகைத் திருப்பினால் புல்லாங்குழல், இன்னொன்றைத் திருப்பினால் குளவி. அம்மா அடுப்பை விட்டுவிட்டு வந்து நின்றாள். அண்ணன் ஒற்றை விரலில் ஒரு மெட்டு வாசித்தான். மாமன் மகன் லாரி தூசியோடு தரையில் உட்கார்ந்து, கால்மணி நேரம் சிரித்த முகமாகவே இருந்தார். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சந்தோஷமாக இருந்ததை நான் கடைசியாகப் பார்த்தது அந்தக் கால்மணி நேரம்தான்.

பிறகு அண்ணன் வழக்கம்போல இடது கையை வைத்தான். ஸா பிடித்துக்கொண்டு பா-வை அழுத்தினான். பா வரவில்லை. எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினான். தனியாக அழுத்தினால் பா நன்றாக வருகிறது. ஸா-வோடு சேர்த்தால் ஸா மட்டும்தான் கேட்கிறது. எந்த இரண்டு கட்டையைச் சேர்த்து அழுத்தினாலும் கீழ்க்கட்டை பேசுகிறது, மேல்கட்டை வாயை மூடிக்கொள்கிறது.

"என்னடா மாப்ள இது, ஒண்ணு பேசுனா இன்னொண்ணு பேச மாட்டேங்குது?"

"கடையில நல்லாத்தான் பேசுச்சு மச்சான். லாரில குலுங்குனதுல ஏதாச்சும் கழண்டிருக்குமோ என்னமோ."

அண்ணன் புத்தகத்தை என்னிடம் நீட்டினான். வீட்டில் ஆங்கிலம் படிக்கிறவள் நான் ஒருத்திதான். அதுவும் பிசிக்ஸ் மாணவி. எனக்குத் தலைகால் புரியாத கர்வம் அப்போது. புத்தகத்தை விரித்தேன். மூன்றாம் பக்கத்தில் 'மோனோஃபோனிக்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

"மோனோன்னா ஒரே ஸ்பீக்கர்ல வர்றதுண்ணா. ரெண்டு ஸ்பீக்கர்னா ஸ்டீரியோ. நம்ம டேப்ரெக்கார்டர்லயும் மோனோன்னுதான் போட்டிருக்குது, பாரு" என்றேன்.

எல்லாரும் டேப்ரெக்கார்டரைப் பார்த்தார்கள். போட்டிருந்தது. அந்த வார்த்தைக்கு அந்த நாளில் தமிழ்நாட்டில் வேறு அர்த்தமே கிடையாது. ரேடியோக் கடைக்காரன், இசைத்தட்டுக் கடைக்காரன், கல்லூரிப் பெண், எல்லாருக்கும் மோனோ என்றால் ஒரே ஸ்பீக்கர். எனக்குத் தெரிந்த வார்த்தை வந்துவிட்டது, புத்தகத்தை மூடிவிட்டேன். அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை.

ஆக, பெட்டி பழுது என்று முடிவாயிற்று. மாமன் மகன் லாரியோடு திரும்பிப் போய்விட்டார்; வேலை காத்திருந்தது. அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் போனான். அவர் இரண்டு கட்டையை அழுத்திப் பார்த்தார். "ரெண்டும் வரணுமே. உள்ள ஒரு லைன் போயிருக்குது" என்றார். திறந்தார். பத்து நாள் வைத்திருந்தார். திரும்பி வந்தபோது இரண்டு கட்டை என்ன, ஒரு கட்டையும் பேசவில்லை. எதை அழுத்தினாலும், எதையும் அழுத்தாமல் விட்டாலும், ஊம் என்று ஒரே இரைச்சல்.

மெக்கானிக் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டார். "இது ஏற்கெனவே யாரோ தொறந்து பாத்த பொட்டிங்க. ஸ்க்ரூ தலையெல்லாம் தேஞ்சிருக்குது. பழைய சரக்கைத் தொடச்சு வித்திருக்கான்."

அந்த ஸ்க்ரூ தலைகளைத் தேய்த்தது அவருடைய திருப்புளிதான் என்று இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. அண்ணனுக்கும் தோன்றவில்லை. மாசி பிறந்தது. ஃபேர்லேண்ட்ஸ்காரர் ஈரோட்டிலிருந்து ஒருவரைச் சேர்த்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டோம். அண்ணன் அன்றைக்குக் கோழிக் கொட்டாய்க்குள் போனவன், சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை.

பங்குனியில் மாரியம்மன் நோம்பிக்கு மாமன் மகன் ஊருக்கு வந்தார். அதற்குள் பேச்சு எங்கெங்கோ போயிருந்தது. சிநேகிதனுக்கென்று வாங்கப் போனவன் ஓட்டைச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டான், தெரிந்தேதான் கட்டினான் என்று. அண்ணன் அவரிடம் நேராகக் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். எங்கள் பக்கத்தில் ஒருத்தன் வார்த்தை எடுபடவில்லை என்றால் கடைசி வழி அதுதான். அம்மன் முன்னால் சூடத்தைக் கொளுத்தி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்யாகச் செய்தால் அம்மன் சும்மா விடமாட்டாள். பிள்ளை குட்டிகளை வந்து பிடிப்பாள்.

காலை வெயில். அப்பா, அம்மா, மாமா, அத்தை, பூசாரி, இன்னும் நாலைந்து உறவுக்காரர்கள். தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. அவர் கையை நீட்டுவதற்கு முன் என் பக்கம் திரும்பினார். அன்றைக்குப் பேச்சு திக்கவில்லை.

"புஸ்தகத்தப் படிச்சவ நீதான். அதுல என்ன போட்டிருக்குதுன்னு நீயே சொல்லு சாமி. எல்லாக் கட்டையும் ஒண்ணாப் பேசோணும்னா போட்டிருக்குது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு தடவை படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வீடு நூறு அடி தூரத்தில் இருந்தது.

"பொட்டின்னா எல்லாக் கட்டையும் பேசித்தான் ஆகோணும். மோனோன்னா ஒரே ஸ்பீக்கர்னு அர்த்தம். வேற ஒண்ணும் போடலை" என்றேன்.

வேற ஒண்ணும் போடலை. நான் படித்தது மூன்று பக்கம். மீதி இருந்தது பதினேழு.

அவர் சூடத் தட்டின் பக்கம் திரும்பினார். அப்புறம், "கடையில நல்லாத்தான் பேசுச்சு, நான் தெரிஞ்சு பழசு வாங்கல" என்று சொல்லிச் சூடத்தின் மேல் கையை வைத்தார். சட்டென்று எடுத்துவிடலாம், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அவர் எடுக்கவில்லை. பூசாரிதான் கையைப் பிடித்து இழுத்தார்.

யாரும் நம்பவில்லை. நம்புவதற்கு நான் இடம் வைக்கவில்லையே. அன்று மத்தியானம் அப்பா, "பொய்ச் சத்தியம் பண்ணுன கையில நம்ம புள்ளையப் புடிச்சுக் குடுக்க முடியாது" என்றார். அம்மா அழுதாள். அவளுக்கு அன்றோடு பிறந்த வீடு போயிற்று. நான் என்ன செய்தேன் என்று கேட்டால், பரீட்சைக்குப் படித்தேன். கணக்கில் நல்ல மார்க் வாங்கினேன்.

மாமன் மகன் ரிக்கோடு வடக்கே போனார். அங்கேயே தங்கிவிட்டார், அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்று தகவல் மட்டும் வந்தது. அண்ணன் ஹார்மோனியத்தையும் தொடவில்லை. கோழிக் கொட்டாய் இரண்டு நாலாயிற்று, நாலு எட்டாயிற்று. எனக்கும் கல்யாணம் நடந்தது. நாமக்கல்லில் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. என் வீட்டுக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எனக்குத்தான் அவரிடம் சொல்ல ஒன்றுமில்லாமல் இருந்தது.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாட்டு வாத்தியார் வந்தார். ஆண்டு விழாவுக்காகப் புதுசாக ஒரு கீபோர்டு வாங்கியிருந்தார்கள். பிளஸ் டூ பிள்ளைகள் சிலர், இதற்குள்ளே சத்தம் எப்படி வருகிறது என்று என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. நேராக வாத்தியாரிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவர் இளைஞர், மதராஸில் ரெக்கார்டிங் தியேட்டர்களில் எடுபிடியாக இருந்தவர். இந்த விஷயத்தில் கேட்டவரை விடமாட்டார்.

"இதுல நாலஞ்சு தினுசு இருக்குதுங்க டீச்சர்" என்று ஆரம்பித்தார். முதலில் வந்தவை மின்சாரத்தையே அலையாக ஆட்டிச் சத்தம் உண்டாக்குகிறவை. முரட்டு அலை ஒன்றை உண்டாக்கி, அதில் வேண்டாததைத் திருகு வைத்து வெட்டி எடுத்தால் குழல், வெட்டாமல் விட்டால் குளவி. தச்சன் கட்டையைச் செதுக்குகிற வேலைதான். அப்புறம் வயலின் கூட்டம் மாதிரி இரைகிற பெட்டி ஒன்று வந்தது. அதற்கு அந்த ஒரு சத்தம் மட்டும்தான் வரும். அப்புறம் கம்ப்யூட்டர் மாதிரி எண்ணிலேயே கணக்குப் போட்டு, ஓர் அலையை வைத்து இன்னோர் அலையைக் குலுக்கி, மணியோசையை உண்டாக்குகிறவை. கடைசியாக, வெளியில் இருக்கிற நிஜச் சத்தத்தையே பிடித்து உள்ளே வைத்துக்கொண்டு எந்தக் கட்டையில் வேண்டுமானாலும் பேசுகிறவை.

"மனுசக் குரலைக்கூடப் புடிச்சு வைக்கலாமுங்க. ஒருத்தர் ஒரு வார்த்தை பேசினா, அவரு போன பின்னாடியும் கட்டையை அமுக்கினா அதே வார்த்தை வரும்."

நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டுமே.

"அந்த முதல் தினுசு இருக்குதே, அதுல ஒரு வேடிக்கைங்க டீச்சர். ஒரு நேரத்துல ஒரு கட்டைதான் பேசும். ரெண்டா அமுக்கினா ஒண்ணுதான் கேட்கும். உள்ள அலை போடுற சாமான் ஒண்ணே ஒண்ணுதான், அது எப்படி ரெண்டு சுரம் பாடும்? அதுக்குப் பேரே மோனோ."

"அது பழுதில்லீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "பழுதா? நாதஸ்வரத்துல ரெண்டு சுரம் ஒண்ணா வருமுங்களா?"

பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் நோட்டை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்து வெளியே வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனேன். புத்தகம் என் கல்லூரி டிரங்குப் பெட்டியில், பழைய பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டுகளுக்கு அடியில் இருந்தது. நான்காம் பக்கத்தைத் திருப்பினேன். மேலேயே, கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். ஜப்பான்காரன் எவனோ, இப்படி ஒரு முட்டாள் உலகத்தில் எங்கேயாவது இருப்பாள் என்று முன்கூட்டியே யோசித்து எழுதியிருக்கிறான்: இந்தக் கருவி ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே ஒலிக்கும்; இரண்டு கட்டைகளை அழுத்தினால் கீழ்க்கட்டை ஒலிக்கும்; இது பழுது அல்ல.

அண்ணன் கோழிகளுக்குத் தீவனம் கொட்டிக்கொண்டிருந்தான். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. கொட்டாய் வாசலில் நின்று அந்த மூன்று வரியையும் தமிழில் சொன்னேன். கோழிச் சத்தத்தில் முதலில் அவனுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப அது நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான்ணா இருந்துச்சு."

"நாம தொறந்துதான் கெடுத்தமா?"

"ஆமாண்ணா."

தீவனக் கூடையைக் கீழே வைத்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. "அவனுக்கு எழுது" என்றான். "எனக்கு எழுதற யோக்கியதை இல்லை. நீ எழுது."

திருச்செங்கோட்டில் ரிக் ஆபீஸுக்குப் போனேன். அவர் வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது என்றார்கள். மத்தியப் பிரதேசத்தில் ஒரு சின்ன ஊரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறாராம். அங்கே போய் வந்த டிரைவர் ஒருவர் விலாசம் எழுதிக் கொடுத்தார். நடந்ததை எல்லாம் எழுதினேன். மன்னிப்புக் கேட்டேன், அண்ணனுக்காகவும் கேட்டேன். நான்காம் பக்கத்தைக் கிழித்து, தமிழில் பெயர்த்து எழுதி, இரண்டையும் கடிதத்தோடு வைத்து அனுப்பினேன். அனுப்பிவிட்டு வந்த அன்று கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உண்மை போய்ச் சேர்ந்துவிட்டால் அவர் மனசு ஆறிவிடும் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை தெரிந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிற அதே புத்தி.

ஒன்றரை மாதம் கழித்து இன்லண்டு லெட்டர் ஒன்று வந்தது. பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார்.

"புள்ள, உன்ற கடுதாசி கெடச்சுது. அந்தக் கடைக்காரன் ஒத்தை வெரல்லதான் வாசிச்சுக் காட்டுனான். நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு வெரல்ல வாசிச்சு நான் பாக்கல. ஆனா கோயில்ல நீ அப்படிச் சொன்னதுக்கப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. படிச்ச புள்ள சொல்றா, நாமதான் ஏமாந்து பழசை வாங்கிட்டு வந்துட்டமாட்டம் இருக்குதுன்னு மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டேதான் சூடத்தை அணைச்சேன். நல்லாத்தான் பேசுச்சுன்னு சொன்னது பொய்ச் சத்தியம் ஆயிருச்சோன்னு அப்பறம் எனக்கு எப்பவும் அதே நெனப்பு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி என்ற பெரிய பையன் காச்சல்ல போயிட்டான். மூணு வயசு. அந்தச் சத்தியந்தான் வந்து புடிச்சுதுன்னு இருந்தேன். என்ற ஊட்டுக்காரிகிட்டக்கூடச் சொல்லல. என்னாலதான் போனான்னு நெனச்சா, ஏன் போனான்னாவது தெரிஞ்சுது. இப்ப நீ அனுப்புன காயிதத்தப் படிச்சா அது இல்லேன்னு ஆகுது. அப்ப என்ற பையன் எதுக்குப் போனான் புள்ள? நீ படிச்சவ. தெரிஞ்சா எழுது. மச்சானைக் கேட்டதாச் சொல்லு."

அண்ணனிடம் கடைசி வரியை மட்டும் சொன்னேன். பதில் எழுத நாலைந்து தடவை உட்கார்ந்தேன். இன்று வரை எழுதவில்லை.